மேல் மரத்துக்கும் கீழ் மரத்துக்கும் நடுவே

ஜூன் 4
எழுபத்தொரு வயதில் எனக்கு உத்தியோகம்! பேரப்பிள்ளைகளுக்கு மகள் வீட்டிலேயே பாடம் நடத்துகிறாள். அவர்களோடு உட்கார்ந்துதான் நானும் எழுதப் படிக்கக் கற்றேன். இப்போது காட்டுப் பாடம். வீட்டுக்கு மேலே சரிவில் நான்கு மரங்களைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே முளைப்பது, ஊர்வது எல்லாவற்றையும் வாராவாரம் எண்ண வேண்டும். பேத்தி அளவு நாடா பிடிப்பாள். பேரன் கத்துவான்: “மரவட்டை பதினாலு தாத்தா, ஒண்ணு ஓடிருச்சு!” நான் எழுதுவேன். மேல் மரத்துக்கும் கீழ் மரத்துக்கும் நடுவே 412 சென்டிமீட்டர். காளான் ஒன்பது.

ஜூன் 11
கயிறு அறுந்து கிடந்தது. 415.
“மரம் என்ன நடந்தா போகும்? நாடாவைத் தப்பாப் படிச்சிருப்பீங்கப்பா.” மகள் சிவப்புப் பேனாவால் 412 என்று திருத்தினாள்.
இருக்கும். நான் நேற்று முளைத்த மாணவன்.

ஜூன் 18
விடாத மழை. 421. மறுபடியும் கயிறு அறுந்திருந்தது. முடிச்சு சரியில்லை என்று பிள்ளைகளுக்குத் திட்டு. எறும்புப் புற்றில் ஓர் எறும்புகூட இல்லை. ஏன் என்று யோசித்துப் படம் வரையச் சொன்னாள் மகள்.

ஜூன் 24
தனியாகப் போய் மூன்று தடவை அளந்தேன். 440. மண்ணில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மகளிடம் சொன்னால், “முதல்ல உங்க கண்ணாடிய மாத்தணும்” என்கிறாள். மருமகன் லாரியோடு வெளியூரில், நாளைதான் வருவார். பிள்ளைகள் இந்தச் சரிவுக்குக் கீழேதானே தூங்குதுங்க? நான் என்ன பண்ணுவேன்?

ஜூன் 25
நெஞ்சு வலி என்று படுத்துவிட்டேன். பொய்தான். ஆனால் காலையில் வந்திறங்கிய மருமகன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். ஒன்றுமில்லை, எதற்கும் இன்று ராத்திரி இங்கே இருக்கட்டும் என்றார் டாக்டர்.
“எழுத்து போதாதுன்னு நடிப்பும் கத்துக்கிட்டீங்களா மாமா?” சிரித்தார் மருமகன். “நீங்க இங்கயே இருங்க. கோழிக்குத் தீனி வச்சுட்டு சாயங்காலம் வந்துடறேன்.”
அத்தனை பேர் நடுவில் பொய்யை ஒப்புக்கொள்ள வெட்கம். “போகாதீங்க மாப்ளே” என்று மட்டும் சொன்னேன். போய்விட்டார்.

ஜூன் 28
சரிவு இறங்கி மூடிய வீட்டின் மேல் மூன்று நாளாக மண்ணை அள்ளுகிறார்கள். அலுவலகத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். மகள் அதை என் பக்கம் நகர்த்தினாள். குமாஸ்தா மைப்பெட்டியைத் தள்ளி, “கைநாட்டு வைங்க பெரியவரே” என்றார். எழுதத் தெரியும் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன்.
காணாமல் போனவர் பெயர். எழுதினேன். உறவு: மருமகன். ஏன் அங்கே போனார் என்று ஒரு கட்டம். ‘ஆபத்து என்று தெரிந்தவன் அவரிடம் சொல்லவில்லை’ என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.