கனலி சட்டியை எங்கே இறக்கினாள்?

தென்காசி
கார்த்திகை, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சந்தனாவுக்கு,

கனலி கடைசியில் உட்கார்ந்தாளா, அணைந்தாளா? உன் தொடர்கதையின் ஏழாம் பாகத்தைப் படித்து முடித்ததிலிருந்து இதே கேள்விதான், எனக்குப் பதில் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அப்பாவும் நானும் இங்கே நலம். நீ நலமா என்று எழுதிவிட்டு வழக்கமாக அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இம்முறை அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கதையை அனுப்பினாய், அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை, நான் அனுப்பிய செய்திகளில் ஒற்றைக் குறிதான் நிற்கிறது. நீ இருக்கும் பெர்கனில் இந்த மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பாய், அதுவும் சேர்ந்து மனதில் உட்கார்ந்துகொண்டது. அப்பா, எழுதி முடிச்ச களைப்புல பிள்ள தூங்கிட்டிருப்பா, நீ ஏம்ட்டி கெடந்து பறக்க என்கிறார். ஆனால் அவரும் போனை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். எனக்கு மனதில் இருப்பதைப் பேசிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன், எழுதியதைப் படமெடுத்து அனுப்புவேன்.

உன் கடைசி வரி ‘அவள் அமர்ந்தாள்’ என்று இருக்கிறது. வேறு ஊர்க்காரர்கள், ஆறு பாகமாக உட்காராத பெண் ஒருவழியாக உட்கார்ந்தாள் என்று பெருமூச்சு விடுவார்கள். எங்கள் அலுவலகத்துப் பர்சானா கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது உன் கதையைத்தான் படித்துக்கொண்டு வருகிறாள், போன வாரம்கூட, ஏக்கா, ஒங்க மக அந்தப் பிள்ளைய நிக்கவச்சே கால் கடுக்க விட்டுட்டாளே, கடைசிப் பாகத்துலயாவது ஒரு ஸ்டூல் போடச் சொல்லுங்க என்றாள். அவளுக்கு உட்கார்ந்தாலே போதும். ஆனால் நம் வீட்டில் யாரும் விளக்கை அணை என்று சொன்னதில்லை. லைட்டை அமத்து என்போம், கரண்டு போனால் எல்லாம் அமந்துட்டு என்போம். அந்த அமந்துட்டு என்பதைத் திருத்தமாக எழுதினால் அமர்ந்தது என்றுதானே வரும்? போன வருஷம் இதே மாதத்தில் நீ போனில் சொன்னாய், உள்ள எல்லாம் அமந்துபோன மாதிரி இருக்கும்மா என்று. அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்கமாட்டாய் என்பதுதான் என் பயம்.

முளைக்காத விதையைச் செத்தது என்று நான் உடனே எழுதுவதில்லை, அது உறக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுதுவேன், பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருஷம் அப்படித்தான் வேலை பார்த்திருக்கிறேன். சான்று கேட்காமல் அம்மா நல்ல நாளைக்கூட நம்பமாட்டாள் என்று நீயே கேலி செய்வாய். அதனால் இதற்கும் சான்று தேடினேன், தேடியதுதான் தப்பாகிவிட்டது. கனலி தீச்சட்டியை ஏந்திக்கொண்டு மலையுச்சிக்குப் போகிறவள், நெருப்பைச் சேர்க்கும்வரை உட்காரமாட்டேன் என்று சபதம் செய்தவள். நம்மூர் அம்மன் கோயில் கொடைவிழாவில் தீச்சட்டி எடுப்பவர்களைப் பார்த்துத்தான் இந்தக் கதையே உனக்கு வந்தது. சட்டியை இறக்காமல் அவர்கள் யாரும் உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாயா? ஏழாம் பாகத்தில் எல்லா முடிச்சையும் அவிழ்த்திருக்கிறாய், வற்றிய ஆறு திரும்பிவிட்டது, காணாமல்போன தம்பி கிடைத்துவிட்டான், மந்திரியின் துரோகம்கூட நான் எதிர்பார்க்காத விதத்தில் வெளிப்பட்டது, அதை ரசித்துப் படித்தேன். ஆனால் சட்டியை இறக்கினாள் என்று ஒரு வரி இல்லை. கடைசிப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், இல்லை. இறக்காதவள் எப்படி உட்காருவாள் சந்தனா? அப்படியானால் அணைந்தாள் என்ற மற்ற அர்த்தம்தான் மிச்சம்.

வீட்டில் இருக்க முடியவில்லை. நேற்று ஆபீஸ் விட்டதும் அப்பா, வா, குத்தாலத்துல ஒரு பஜ்ஜி தின்னுட்டு வருவோம் என்று வண்டியை எடுத்தார். குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள், அருவித் தண்ணீர் செம்மண் நிறத்தில் முன்னால் இருக்கும் ஆர்ச் வளைவை மறைத்துக்கொண்டு விழுந்தது, இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுக் கேட்கவில்லை. போலீஸ்காரர் விசில் ஊதி எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். அப்பா அவரிடம், நாங்க குளிக்க வரல சார், இவளுக்குக் கொஞ்சம் சத்தம் வேணுமாம், அதான் கூட்டியாந்தேன் என்றார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை. அங்கே நின்றபோதுதான் உன் ஐந்தாம் பாகம் ஞாபகம் வந்தது. கனலி அருவிக்குப் பின்னால் நுழைந்து போகும் இடம். முதல் பாகத்தில் அவள் சட்டியை யாரும் தொட விடமாட்டாள், பொய் சொல்வாள், மரத்தில் சாய்ந்து நின்றபடியே தூங்குவாள், எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. அப்படிப்பட்டவள் அந்த அருவியில் நெருப்பு நனையப்போகும்போது, தன்னைப் பிடிக்க வந்த எதிரிப் படைவீரன் வேங்கனிடம் ‘பிடி’ என்கிறாள். அவன் கேடயத்தைச் சட்டிக்கு மேலே பிடிக்கிறான். அந்த ஒரு சொல்லுக்கு அவளைக் கொண்டுவர உனக்கு ஐந்து பாகம் வேண்டியிருந்தது, அதுதான் நீ எழுதியதிலேயே நான் முழுக்க நம்பிய இடம்.

அதனால் உன் முடிவை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவாகச் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும், வாசகியாகவே சொல்கிறேன். பிடி என்று சொல்லக் கற்றுக்கொண்டவள் ஏழாம் பாகத்தில் வேங்கனை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுத் தனியாக மலையேற என்ன காரணம்? நீ காரணமே எழுதவில்லை. அவள் வளர்ந்ததையெல்லாம் ஒரே அத்தியாயத்தில் பிடுங்கிக்கொண்டாய். களைத்துப்போனது அவளா, எழுதியவளா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எழுதியவள்தான் என்றால் கதை எப்படியும் போகட்டும், ஒரு பிழையும் இல்லை. போன வருஷம் உனக்குத் துணையாக இருந்த அந்த டாக்டரைக் கூப்பிடு. உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணைக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கச் சொல், அவள் நம்பர் என்னிடம் இல்லாததை நினைத்து இரண்டு நாளாகப் பதறுகிறேன். சுடுசோறு சாப்பிடு. பகலிலும் லைட்டைப் போட்டு வை, கரண்டு பில்லைப் பற்றி யோசிக்காதே.

நான் சாமி கும்பிடுவது குறைவு என்று உனக்குத் தெரியும், இன்று காலை அப்பா திருநீறு எடுத்தபோது நானாகவே தலையைக் குனிந்தேன். அது உன் நெற்றிக்குப் போய்ச் சேரட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும், நெடுநாள் இருக்க வேண்டும். இதைப் பார்த்ததும் ஒரு புள்ளியாவது பதில் வை, அது போதும்.

உன் அம்மா,
இசக்கிசெல்வி

புதன்கிழமை

நடந்ததை இந்தத் தாளிலேயே எழுதிவைக்கிறேன், நேரில் கொண்டுவந்து தரும்போது நம் இருவர் நினைவிலும் மாறிப்போகாமல் இருக்கட்டும். மதியம் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும்போது உன் போன் வந்தது. படிச்சிட்டேன்மா என்றாய். பிறகு, நீ நெனச்ச அர்த்தத்துலதாம்மா எழுதுனேன், ஆனா சட்டிய மறந்துட்டேன் என்றாய், கொடையில இப்படி மறந்தா சும்மா விடுவாங்களா என்று சிரிக்கப் பார்த்தாய், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன், அவள் இங்கிலீஷில், நான் இங்கேயே இருக்கிறேன், நாளைக் காலை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றாள். நம்பரும் கொடுத்தாள். மறுபடி நீ வந்து, இப்ப நான் பிடின்னு சொன்னா வருவியாம்மா என்று கேட்டாய். வாரேன் என்றேன். உன் பட்டமளிப்புக்கு வருவதற்காக எடுத்து, வராமல் போனதால் சும்மா கிடந்த பாஸ்போர்ட்டை அப்பா பீரோவிலிருந்து எடுத்துவிட்டார், விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று பர்சானாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. சாயங்காலம் நீ ஒரு செய்தி அனுப்பினாய், கடைசி வரியை அழித்துவிட்டாயாம், வேங்கன் மலையில் பாதி தூரம் ஏறிவிட்டானாம்.