சுண்ணாம்பில் இரண்டு தடம்

நவம்பர் 5, திங்கள்

விடியலிலேயே மழை. மாட்டுக் கொட்டகையில் முதல் நாள். ஏழு பசு, இரண்டு கன்று. நான் ஆடு கூட வளர்த்ததில்லை. பதினோரு வருஷமாக ரப்பர் மரம் சீவியவள்.

கொட்டகையைப் பார்த்துவந்த கருப்பன் அண்ணனை வெள்ளிக்கிழமை போலீஸ்காரர்கள் மாத்தா-மாத்தா லோரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். வெள்ளைக்காரரை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் பால் கொடுத்தாராம். இன்று பெயர் கூப்பிடும்போது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார்: "பாக்கியம், ஒன் மரத்த வேறாளு பாக்கட்டும். நீ மாட்டுக்குப் போ." ஏன் நான் என்று கேட்கவில்லை. இப்போது யார் கேட்பார்கள்.

கொட்டகை, எங்கள் வீடுகளைச் சுற்றிப் போட்ட முள்கம்பி வேலிக்கு வெளியே. ஆறு மணிக்குக் கேட் திறந்தால்தான் போகலாம். காட்டுக்காரர்களுக்கு அரிசி ஒளித்திருக்கிறேனா என்று புண்ணாக்குச் சாக்கை இரும்புக் கம்பியால் குத்திப் பார்க்கிறான் காவல்காரன்.

சாணம் கணுக்கால் வரை. வாய்க்கால் அடைப்பு. தண்ணீரை ஊற்றினேன், எல்லாம் குழம்பாகிவிட்டது. இரண்டு தரம் வழுக்கி விழுந்தேன்.

நவம்பர் 6, செவ்வாய்

கருப்பன் அண்ணன் பெண்சாதி செல்லம்மா அக்கா பக்கத்து வீடு. கேட்கத் தயக்கம். அவளே சொன்னாள்: "தண்ணிய மொதல்ல ஊத்தாதலா. சாணிய வழிச்சி எடுத்துட்டு அப்பறம் கழுவு. ஈரத்துல நிக்க வெச்சா மாட்டுக்குக் கால் கொளம்பு அழுகிப்போவும்."

செய்ய வேண்டியது: வழிப்பது. வாய்க்கால் குத்துவது. கழுவிக் காயவிடுவது. தொட்டி தேய்ப்பது (அடியில் பாசி). காய்ந்த லாலாங் புல் பரப்புவது. செவலைப் பசுவின் மடியில் உண்ணி, பிடுங்கணும்.

நவம்பர் 8, வியாழன்

நல்ல வெயில். தரை காய்ந்தது. ரெம்பியா டவுன் கடையிலிருந்து வந்த சுண்ணாம்புத் தூளை நடைபாதை முழுக்கத் தூவினேன். நாற்றம் பாதி போச்சு. சின்ன சந்தோஷம்.

செவலை மூன்று நாளாகப் பால் குறைவு. கிராணியார்: "நீ குடிச்சிட்டியா?"

நவம்பர் 9, வெள்ளி

சுண்ணாம்பில் தடம். இரண்டு பேர். ஒன்று பெரிது, ரப்பர் சப்பாத்து போட்ட கால். மற்றது வெறுங்கால், என் காலைவிடச் சின்னது. செவலை வரை போய்த் திரும்பியிருக்கிறது.

யோசிக்கவே இல்லை. விளக்குமாற்றை எடுத்துத் தேய்த்தேன். மூன்று வாளி தண்ணீர். மாத்தா பார்த்தால் அண்ணன் போன லோரியில் நானும்.

நவம்பர் 10, சனி

தடத்தைப் பற்றி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர்:

"சொன்னா காட்டுக்காரன் விடமாட்டான். சொல்லலன்னா மாத்தா விடமாட்டான்."

"அப்ப என்ன செய்ய?"

சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

சாயங்காலம் குழாயடியில் செல்லம்மா அக்கா: "அவரு போன பொறவும் பால் கொறையுதாமே? அப்ப அவரு குடுக்கலன்னுதானே அர்த்தம்? யாராச்சும் போயி சொல்லக்கூடாதா?" வாளி நிரம்பி வழிவதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

நான் தேய்த்துக் கழுவியது அண்ணனுக்கு இருந்த ஒரே சாட்சியை.

நவம்பர் 12, திங்கள்

நேற்று மறுபடி சுண்ணாம்பு தூவினேன். வேண்டுமென்றே. இன்று அதே இரண்டு தடம். துடைக்கவில்லை. கிராணியாரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் போன் செய்ய, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வந்து குனிந்து அளந்தார். அவர் சொன்னதைக் கிராணியார் எனக்குச் சொன்னார்: "யார்கிட்டயும் பேசாத. எப்பவும் போல வேலையப் பாரு."

கருப்பன் அண்ணனை விட்டுவிடுவார்களா என்று கேட்டேன். அதைக் கிராணியார் வெள்ளைக்காரரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 14, புதன்

விடியும் முன் துப்பாக்கிச் சத்தம். ஒன்று. பிறகு நிறைய.

கேட் எட்டு மணிக்குத்தான் திறந்தது. இரவெல்லாம் கொட்டகையில் பதுங்கியிருந்த மாத்தாக்கள் அதைக் கழுவ என்னைக் கூப்பிட்டார்கள். செவலை செத்துக் கிடந்தது. வாசலில் தார்ப்பாய் போர்த்திய உடல், ஒரு கால் மட்டும் வெளியே. அந்தச் சின்னக் கால். சீனப் பெண், பதினைந்து வயது கூட இருக்காது என்று மாத்தாக்கள் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் நசுங்கிய பால் டின். சப்பாத்துக்காரன் தப்பிவிட்டான்.

ஒன்பது வாளி. சிமெண்டு விரிசலில் இருந்தது மட்டும் போகவில்லை.

நவம்பர் 17, சனி

கருப்பன் அண்ணனை விட்டுவிட்டார்கள். செல்லம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் தேநீர் போட உள்ளே போனதும் அண்ணன் மெதுவாக,

"அந்தப் புள்ளயா?"

தலையாட்டினேன்.

"பசின்னு வரும்மா. நாந்தான் கறக்கச் சொல்லிக் குடுத்தேன்."

பிறகு அவரே சொன்னார்: "கூட வர்றவன் அவ அண்ணன். கொட்டாய்ல இப்ப யாரு வேல செய்றான்னு அவனுக்குத் தெரியும். நீ அங்க போவாத."

நவம்பர் 19, திங்கள்

நேற்று கிராணியார் வீட்டுக்கே போய், மரத்துக்கு மாற்றிவிடக் கேட்டேன். "தோட்டத்துத் துரைக்கு ஒன் வேல புடிச்சிருக்கு, பாக்கியம். கொட்டாய் இப்பதான் சுத்தமா இருக்கு."

மழை. ஆறு ஆகப்போகிறது. வீட்டுக்காரர் கேட் வரை வருகிறேன் என்கிறார். அதற்கு மேல் அவரை விடமாட்டார்கள்.