அட்வான்ஸை விட்டுவிட்டு வந்த நாள்

அம்மா,

இன்று காலை ஆய்வகத்தில் வெற்றிடப் பம்பைப் போட்டதும் எண்ணெய் சூடேறும் வாசனை வந்தது. உடனே உன் ஞாபகம். ஒகேனக்கல்லில் நீ மீன் வறுத்த கடை, புகையில் சுருங்கிய உன் கண்கள், "தள்ளி நில்லு கண்ணு, தெறிக்கும்" என்ற குரல். நேற்று என் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு முடிந்தது. ஜெயித்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்த கோடையில் இயற்பியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அதில் உனக்கு மறுப்பே இல்லை. எங்கே படிப்பது என்பதில்தான் வம்பு. நான் தர்மபுரி அரசுக் கல்லூரி என்றேன். பி.எஸ்சி.யோடு நின்றால் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியது மாதிரி. அதற்கு மேல் வெளியூரில் எம்.எஸ்சி., பிறகு ஆராய்ச்சி. இருக்கிற பணத்தை முதல் மூன்று வருடத்திலேயே கொட்டிவிட்டால் அப்புறம் எதை வைத்துப் போவது என்று மன்றாடினேன். "காசு வாங்காதவன் என்னத்தச் சொல்லிக்குடுப்பான்?" என்றாய். என்னைக் கேட்காமலேயே ஒரு தனியார் கல்லூரியில் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டும் வந்தாய்.

அட்வான்ஸ் என்றால் உனக்குச் சத்தியம். மறுநாள் மீனுக்கு முதல் நாளே பரிசல்காரர்களிடம் பணம் கொடுத்துவிடுவாய். கொடுத்த பிறகு பேச்சு மாறினால் ஆற்றில் ஒருவரும் உனக்கு மீன் தரமாட்டார்கள். கல்லூரியையும் அப்படியே நினைத்தாய். "வாக்குக் குடுத்தாச்சு. இனி பின்வாங்குனா நம்மள மதிப்பாங்களா?" மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நீயும் சாப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மீதிப் பணம் கட்டப் போன அன்று, "மொதல்ல லேபக் காட்டுங்க சார்" என்றாய். அலுவலக ஊழியர் சிரித்தபடி அழைத்துப் போனார். கருவிகள் மேல் பிளாஸ்டிக் உறை, உறை மேல் தூசி. நீ விரலால் தொட்டுப் பார்த்தாய்.

"எப்ப வாங்குனதுங்க?"

"நாலு வருஷம் ஆச்சுங்கம்மா. பிள்ளைங்க தொட்டா ரிப்பேராயிடும்."

என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாய். "சட்டி கருக்கவே இல்ல கண்ணு. இவங்க இன்னும் ஒரு மீனுகூட வறுக்கல."

"அட்வான்ஸ்?"

"மீனு நாறிக் கெடந்தா அட்வான்ஸ விட்டுட்டு வர்றதுதான். திருப்பிக் கேக்கறது கெடையாது."

பிறகு போய்ப் பார்த்த அரசுக் கல்லூரி ஆய்வகத்தில் மேசையெல்லாம் சூட்டுத் தழும்பு. கருவிகளின் திருகுகள் கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்திருந்தன. நீ தலையாட்டினாய். மிச்சமான பணம்தான் பிறகு என்னை எம்.எஸ்சி.க்குச் சென்னை அனுப்பியது. ஆராய்ச்சியில் இடம் கிடைத்த கடிதத்தைக் கடைச் சுவரில் ஒட்டி, மீன் வாங்க வந்தவர்களையெல்லாம் படிக்க வைத்தாய். நான் முடிப்பதைப் பார்க்கத்தான் நீ இல்லை. அது இன்னும் வலிக்கிறது.

நேற்று தேர்வாளர் கேட்டார்: "கருவிக்குள் வெற்றிடம் உண்டாகாமல் ஒரு மாதம் ஆய்வகத்தில் எல்லோரும் திணறியிருக்கிறீர்கள். பம்பு எண்ணெய்தான் கெட்டது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"வாசனையிலதான் சார். எங்கம்மா ஒகேனக்கல்ல மீன் வறுத்தாங்க. எண்ணெய் கெட்டா என் மூக்குக்குத் தெரிஞ்சிரும்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், தலை நிமிர்ந்து.

அடுத்த வேலைக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்றில் சம்பளம் அதிகம், அனுப்பிய படங்களில் எல்லாமே புத்தம் புதுசு. இரண்டுக்கும் ஒரே பதில்தான் எழுதினேன்: முதலில் ஆய்வகத்தைக் காட்டுங்கள். சட்டி கருத்திருக்கிற இடத்தில்தான் கையெழுத்துப் போடுவேன், அம்மா.