தானாகப் போன செய்தி

செவ்வாய், இரவு

தூங்காமல் உன்னில் கிறுக்குவதற்கு மன்னித்துவிடு, நோட்டே.

எங்கள் ஒரகடம் ஆலையில் போல்ட் தீர்ந்தால், லைனில் நிற்கும் தேவி அக்கா ஸ்டோருக்கு ஓடித்தான் சொல்வார். இன்று கம்பெனி சாஃப்ட்வேரில் ஒரு வெப்ஹுக் அமைத்தேன். அக்கா திரையில் ‘தீர்ந்தது’ என்று தொட்டால், செய்தி தானாகவே ஸ்டோருக்குப் போக வேண்டும். ஸ்டோர் முகவரியை இருமுறை சரிபார்த்து அதில் சேர்த்தேன். அக்கா தொட்டார். சற்று நேரத்தில் போல்ட் பெட்டிகளோடு ட்ராலி வந்தது.

“இன்னாடி, நான் வாயே தொறக்கல, அதுக்குள்ள வந்து நிக்குது! உன்ன மாரியே ஊமக்குசும்பு!” என்று சிரித்தார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. என் கையால் நடந்ததா இது?

மற்ற லைன்களுக்கு இதை அமைக்க நாளை வெளியாள் வருகிறாராம். மேனேஜர் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். கேட்க நினைத்தது இவ்வளவுதான்: சார், அதையும் நானே செய்யட்டுமா?