சாம்பல் நிறப் பை

பாய்,

இன்று காலை மொட்டை மாடிக் கொடிக்கயிற்றை ஈரத்துணியால் துடைத்தேன். ஒரே இழுப்பில் துணி கறுத்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து மகள், "இன்னாப்பா, அழுக்கைப் போய் அப்படிப் பாத்துக்கினு கீற?" என்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது உன்னை.

உருக்காலையில் உலைப் பக்கம் அடுத்தடுத்து நின்றவர்கள் நாம். மூச்சு வாங்குகிறதென்று முதலில் வேலையை விட்டவன் நீ. தனியாக டீ குடிக்கப் பிடிக்காமல் பின்னாலேயே விட்டவன் நான். என் மனைவி இந்தக் கதையை இன்றைக்கும் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்கிறாள்.

அதன்பின் நாம் பிடித்த தொழிலைக் கேட்டுக் கும்மிடிப்பூண்டியே சிரித்தது. சென்னையில் மூட்டையாக விற்கும் பழைய கம்பளி ஸ்வெட்டர்களை வாங்கி வந்து, சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் பிசைவோம். கம்பளி சுருங்கி, இழையோடு இழை இறுகி, தடித்த அட்டை மாதிரி ஆகிவிடும். அதை வெட்டிக் கைப்பை தைப்போம். மே மாதத்தில் அண்டாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கம்பளி பிசைந்தவர்கள் இந்த ஜில்லாவில் நாம் மட்டும்தான். அறை முழுக்க நனைந்த ஆட்டு வாடை. "எங்க தாத்தா பழவேற்காட்லேர்ந்து கப்பல்ல லுங்கி அனுப்பினவரு. பேரன் பாரு, ஆட்டைக் குளிப்பாட்டிக்கினு கீறான்" என்பாய்.

மகள் ஒவ்வொரு பைக்கும் 'எக்கோ ஃப்ரெண்ட்லி' என்று அட்டை எழுதிக் கட்டினாள். பத்தாவதோடு நின்ற நான், நம் இருவரைப் பற்றித்தான் ஏதோ எழுதியிருக்கிறாள் என்று கொஞ்ச நாள் பெருமையாகத் திரிந்தேன்.

ஒருமுறை வெள்ளைக் கம்பளியை மாடியில் காயப் போட்டுவிட்டுப் போனோம். காலையில் வந்து பார்த்தால் உருக்காலைப் புகை இறங்கி, மேலெல்லாம் கரி. கழுவினால் போய்விடும் என்று மறுபடி சுடுதண்ணீரில் போட்டுப் பிசைந்தது நம் புத்திசாலித்தனம். கரி போகவில்லை. இழைக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மழைக்கு முந்திய வானம் மாதிரி திட்டுத் திட்டாக ஒரு சாம்பல் நிறம். வீணாக்க மனமில்லாமல் அதிலும் பை தைத்தோம்.

சென்னையில் கடை வைத்திருந்த அந்த அம்மா வந்தபோது, கை நேராக அதற்குத்தான் போனது. "இந்தக் கலர் ரொம்ப நல்லா இருக்கே. இதுலயே மாசாமாசம் எடுத்துக்கறேன். என்ன சாயம், கடுக்காயா?"

'ஆமாம்' என்று சொல்ல நான் வாயைத் திறந்தே விட்டேன். அந்த ஆர்டர் கிடைத்தால்தான் தொழில் நிற்கும். இல்லாவிட்டால் இருவரும் உலைக்கே திரும்ப வேண்டும். நீ முந்திக்கொண்டாய்.

"சாயம் இல்லீங்கம்மா. புகை. பக்கத்துல இரும்பு உருக்குறாங்க."

அந்த அம்மா பையை வைத்துவிட்டு விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்கள். போன் செய்வதாகச் சொல்லிப் போனவர்களிடமிருந்து மிஸ்டு கால்கூட வரவில்லை.

"கடுக்காய்னு ஒரு வார்த்தை. வாயை மூடிக்கினு இருந்தா இன்னா பாய் கொறஞ்சுபூடும்?"

"அந்தப் புகையை வுட்டுட்டு ஓடியாரத்தானே இங்க வந்தேன். அதையே பையாத் தச்சு, நல்ல சாமான்னு அட்டை கட்டி விக்கச் சொல்றியா நைனா?"

உன்னோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். டீ நேரம் வந்ததும் முடிவு போய்விட்டது.

அதன் பிறகு அறைக்குள்ளேயே காயப் போட்டோம். மெல்ல மெல்ல வேறு கடைகள் கிடைத்தன. உலைக்குத் திரும்பவில்லை. ஆனால் உன் இருமல் மட்டும் உலையை விட்டு வரவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னல் வெளிச்சத்தில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தாய். நெஞ்சு முழுக்கத் திட்டுத் திட்டாக இருந்தது.

"பாத்தியா, நம்ம கலரு. அந்தம்மாவுக்குப் போன் போடு, மாசாமாசம் சப்ளை பண்ணலாம்."

நான் சிரித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை, பாய்.

நீ கண்ணை மூடிய பிறகு, அண்டாவுக்கு அந்தப் பக்கம், உன் இடத்தில் இப்போது மகள் உட்காருகிறாள். கொஞ்ச நாளாக இருமுகிறாள். "கம்பளித் தூசுப்பா, பேஜாரு பண்ணாத" என்கிறாள். நீயும் முதலில் இதையேதான் சொன்னாய். அதனால் பொன்னேரிப் பக்கம், வயலோரம் ஓர் இடம் பார்க்க இன்று ரயிலேறினேன். தைக்க வருகிற பெண்கள் அவ்வளவு தூரம் வருவார்களா, தொழில் அங்கே நிற்குமா, எதுவும் தெரியாது.

சாப்பாட்டை அந்தச் சாம்பல் பையில்தான் கொண்டுபோனேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண் அதைத் தொட்டுப் பார்த்தாள். "சோக்காக் கீதுண்ணா. இன்னா சாயம் இது?"

கடுக்காய் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"சாயம் இல்லம்மா. புகை. நம்ம ஊருப் புகை."

அவள் பையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள்.