நாம் பயந்துகொண்டே படித்த புத்தகங்கள்

போன வாரம் மிஸ் லொரெய்ன் வீட்டுக்கு வந்து, ஒரு நூலகப் புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார். "சனிக்கிழமை வாசிப்புக் குழுவில் நீதான் வாசிக்கணும்" என்றார். பிரித்தேன். பிளாஸ்டிக் உறையும் பழைய பசையும் பல பேர் கைபட்ட தாளும் கலந்த அந்த வாசனை. உன் காரின் பின்சீட்டில் எப்போதும் இருக்கும் வாசனை. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன்.

நீ மார்ச்சில் கண்ணை மூடினாய். செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் இடிந்த பிறகு இந்த ஊர் என்ன ஆனது என்று உனக்குத் தெரியாது. டாலஸ் பக்கத்தில் கடையில் நின்றுகொண்டிருந்த நம்மவர்களைச் சுட்டிருக்கிறார்கள். இங்கே காப்பெலில் வீட்டுக்கு வீடு அமெரிக்கக் கொடி. எங்கள் காரிலும் இவர் ஒன்றை ஒட்டியிருக்கிறார். "கொஞ்ச நாளைக்கு எங்கயும் தனியா டிரைவ் பண்ணாத கௌரி. வெளியில தமிழ்ல பேசாத" என்கிறார். பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பயம் என்று வந்தால் எனக்குப் பேசத் தோன்றுவது உன்னோடுதான்.

அந்த நாட்களில் ஒரே அபார்ட்மெண்டில் நீ மாடியில், நான் கீழே. கணவர்கள் இரண்டு பேரும் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் என்ன ஆகுமோ என்று ராப்பகலாக ஆபீஸில் கிடந்தார்கள். நமக்கு வேலை பார்க்க விசாவில் இடமில்லை. பிப்ரவரியில் நூலக வாசலில் ஓர் அலமாரி வைத்திருந்தார்கள். 'வாசிக்கப் பரிந்துரைக்கிறோம்: ஆப்பிரிக்க அமெரிக்க இலக்கியம்' என்று மேலே ஓர் அட்டை. நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்தாய்.

"கௌரி, இந்த ஷெல்ஃப் மொத்தத்தையும் முடிச்சிடலாம்டி. வேலைக்குத்தான் விட மாட்டேங்கறான். படிக்கறதுக்கு விசா கேக்க மாட்டான்ல?"

எனக்கு அப்போது கறுப்பின மக்களைக் கண்டாலே பயம். இந்த நாட்டில் இறங்கிய முதல் வாரமே ஆண்ட்டிகள் சொல்லிக்கொடுத்த பயம் அது. அந்தப் பக்கம் போகாதே, சிக்னலில் நின்றால் கார் கதவைப் பூட்டு. அந்தப் பயத்தை உன் அலமாரிப் புத்தகங்கள் வேரோடு பிடுங்கி வேறு பக்கம் நட்டுவிட்டன. ஓடிவந்த அடிமைப் பெண் சேற்றில் மூச்சடக்கிக் கிடக்கிறாள், நாய்கள் குரைக்கும் சத்தம் நெருங்குகிறது. மகன் வீடு திரும்பும்வரை ஒரு தாய் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். படித்துவிட்டு நான் போய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன். "பகல்லயே படிச்சிடு, இல்லன்னா தூக்கம் போயிடும்" என்பாய்.

நூலகத்தின் வாசிப்புக் குழுவுக்கும் நீதான் இழுத்துக்கொண்டு போனாய். ஓய்வுபெற்ற நர்ஸ் மிஸ் லொரெய்ன்தான் அதை நடத்தினார். எல்லோரும் கறுப்பினப் பெண்கள், நாம் இரண்டு பேர் மட்டும் இந்தியர். முதல் நாள் நான் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன். நீயோ அவர் கொண்டுவந்த பீச் பழ இனிப்பில் இரண்டாவது துண்டு கேட்டுக்கொண்டிருந்தாய்.

தொண்ணூற்றெட்டு ஜூனில் அந்தச் செய்தி வந்தது. கிழக்கு டெக்ஸாஸில் ஒரு கறுப்பின மனிதரை வண்டியில் கட்டித் தெருவில் இழுத்தே கொன்றிருந்தார்கள். நாம் பழைய காலத்துக் கதை என்று நினைத்துப் படித்தது தொலைக்காட்சியில் ஓடியது. அந்தப் பக்கம்தான் மிஸ் லொரெய்னின் சொந்த ஊர். அவர்கள் சர்ச்சில் இறந்தவர் நினைவாகப் புத்தகங்களை உரக்க வாசிக்கப் போகிறார்கள், ஆனால் கண் ஆபரேஷன் ஆனதால் தன்னால் கார் ஓட்ட முடியாது என்றார். "நான் டிரைவ் பண்றேன்" என்றாய். யோசிக்கவே இல்லை.

இவர் குதித்தார். "உங்களுக்குப் பைத்தியமா? அது நம்ம சண்டை இல்லம்மா."

"ரோட்ல வர்றவனுக்கு அது தெரியுமா அண்ணா?" என்றாய். உன்னைத் தனியாக அனுப்ப மனம் வராமல்தான் நான் ஏறினேன்.

இரண்டு பக்கமும் பைன் மரங்கள், நடுவில் ஒற்றைச் சாலை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மிஸ் லொரெய்ன் பின்னால் உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் போட நீ வேகத்தைக் குறைத்தபோது, "இங்கே வேண்டாம், அடுத்த ஊரில்" என்றார். ஏன் என்று கேட்டாய். "என் அப்பா இங்கே நிறுத்த மாட்டார்." அவர் காலத்தில் கறுப்பின மக்கள் நிற்கவே கூடாத ஊராம் அது. எந்தப் புத்தகத்திலும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு பிக்கப் வண்டி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணாடி முழுக்க அதன் முகப்புதான். பிறகு பக்கவாட்டில் வந்து நம்மோடு சேர்ந்தே ஓடியது. உள்ளே இரண்டு இளைஞர்கள். ஒருவன் ஜன்னலை இறக்கிக் கத்தினான். கறுப்பின மக்களை இழிக்கும், அதுவரை அச்சில் மட்டுமே பார்த்திருந்த வார்த்தையை அன்றுதான் காதால் கேட்டேன். ஒரு பீர் டப்பா நம் முன்கண்ணாடியில் மோதித் தெறித்தது. நுரை வழிந்து சாலை மறைந்தது. நான் முருகா முருகா என்று முனகினேன். "ரோட்டைப் பார், மகளே. ரோட்டை மட்டும் பார்" என்றார் மிஸ் லொரெய்ன். நீ வைப்பரைப் போட்டாய். வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே முந்திப் போனார்கள். அடுத்த வளைவில் காத்திருப்பார்களோ என்று ஒவ்வொரு வளைவிலும் எனக்கு உயிர் போனது.

சர்ச்சில் உன்னை வாசிக்கக் கூப்பிட்டார்கள். மேடை ஏறி, அந்தத் தாய் விளக்கோடு காத்திருக்கும் பக்கத்தைப் பிரித்தாய். வாயைத் திறந்தாய். குரல் வரவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவி, "மெதுவா கண்ணு. அவசரமில்லை" என்றாள். பின்னால் யாரோ தாழ்ந்த குரலில் 'ம்ம்' என்றார்கள். அந்த 'ம்ம்' வரிசை வரிசையாகப் பரவி உன்னைத் தாங்கிக்கொண்டது. நீ வாசித்தாய். கடைசி வரி வரைக்கும் குரல் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

திரும்பும் வழியில் கேட்டேன், "வண்டி ஓட்டறப்ப உனக்குப் பயமே இல்லையாடி?"

"லூசு. முட்டி ஆடின ஆட்டத்துல பிரேக் எது, ஆக்ஸிலரேட்டர் எதுன்னே தெரியல. பயம் பாட்டுக்கு இருக்கட்டும்டி. அதுக்காக நடு ரோட்ல நிக்க முடியுமா?"

பிறகு உன் ரத்தத்திலேயே நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் என்னைப் படிக்கச் சொல்வாய். ஒருநாள் பாதியில் நான் நிறுத்திவிட்டேன். "பயமா இருக்கா?" என்று நீதான் கேட்டாய். ஆமாம் என்றேன். "எனக்கும். நீ படி." படித்தேன். நீ தூங்கிய பிறகும் படித்தேன்.

இந்தச் சனிக்கிழமை காலை, தலைவலி என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் மிஸ் லொரெய்ன் வாசலில் வந்து ஹார்ன் அடித்தார். இவர் கதவருகே வந்து தயங்கினார். "நான் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன். இதில் எனக்குப் பழக்கம் அதிகம்" என்றார் மிஸ் லொரெய்ன். இவர் வழிவிட்டார்.

வாசித்தேன். இரண்டு இடத்தில் தடுக்கியது, யாரும் பொருட்படுத்தவில்லை. முடிந்ததும், நம்மவர்கள் வீட்டில் பூட்டிக்கொண்டு இருப்பதைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னேன். ஆறுதல் எதுவும் அவர்கள் சொல்லவில்லை. யார் யார் எந்த நாளில் என்னோடு கடைக்கு வரலாம் என்று பேசி முடிவு செய்தார்கள்.

திரும்பும்போது பெட்ரோல் போட வேண்டியிருந்தது. மிஸ் லொரெய்ன் கதவைத் திறக்கப் போனார். "நான் இறங்கறேன்" என்றேன். சுடிதாரும் பொட்டுமாகப் பம்ப் அருகே நின்றேன். எதிர்ப்பக்கம் ஒரு ஆள் தன் வண்டியிலிருந்து இறங்கி என்னையே பார்த்தார். அவர் பார்வையில் என்ன இருந்தது என்று இன்னும் எனக்குத் தெரியாது. முட்டி நடுங்கியது. டேங்க் நிரம்பும்வரை நின்றேன். உன்னிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த நடுக்கத்தைத்தான், அதோடு நிற்பதையும்.