பதினொன்றாம் பக்கம்

பால்குன் 6
காலையில் மேனகா பாக்தி வந்திருந்தாள். ஜலேஷ்வர் கோயிலுக்கு அரசாங்கம் பலகை வைக்கப் போகிறது. வாசகத்தை அந்தக் கோயிலைப் பற்றி நான் எழுதிய சிறு நூலிலிருந்துதான் எடுக்கிறார்களாம்.

"அந்தக் கோயில எங்க தெருப் பொம்பள ஒருத்திதான் கட்டினதுன்னு என் மாமியார் சொல்லும். அப்ப காஜன் திருவிழாவுல சிவனுக்கு முதல் குடம் தண்ணி நாங்கதானே ஊத்தணும்? கட்டினவங்க வீட்டு உரிமைதானே அது? கேட்டா இப்ப ஊத்துற ராய் வீட்டுக்காரங்க சிரிக்கிறாங்க. கல்வெட்ட நீங்கதானே படிச்சீங்க, மாஸ்டர் மொஷாய்?"

"எழுத்து தேஞ்சு போயிருந்துச்சும்மா" என்றேன். நூலின் பதினொன்றாம் பக்கத்திலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறேன்.

பொய்.

பால்குன் 7
பெட்டியைத் திறந்தேன். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் கல்லின் மேல் தாளை வைத்துக் கரியால் தேய்த்தெடுத்த பிரதி அப்படியே இருக்கிறது. 'சக ஆண்டு 1683. பாக்தி குலத்துத் தயாமயி கட்டுவித்தது.' ஓர் எழுத்துகூடத் தேயவில்லை.

நூல் அச்சிட உதவிய போபேன் ராய் அன்று இதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் அவசியமா மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். மறுவருடம் கல்லின் மேல் சிமெண்ட் பூசினார்கள். படிக்க முடியாத கல்தானே என்று என் நூலையே காட்டினார்கள்.

பால்குன் 15
பிரதியை உறையிலிட்டு, பெயர் எழுதாமல், கோயில் கமிட்டிக்கு அனுப்பினேன். அதுவும் பக்கத்து ஊர்த் தபால்பெட்டியில். எழுபத்தாறு வயதில் இந்தத் தந்திரம்.

பால்குன் 21
கமிட்டிக் கூட்டம். போபேன் ராயின் மகன் ஷுபேந்து தாளைத் தூக்கிக் காட்டினான். "மொட்டைக் கடுதாசி கேள்விப்பட்டிருக்கோம். இது மொட்டைக் கல்வெட்டு! யார் எடுத்தது, எப்ப எடுத்தது? ஏன் மேனகா அக்கா, கரி உங்க வீட்டு அடுப்புல எடுத்ததுதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேனகா என்னைப் பார்த்தாள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன் — துடைத்துக்கொண்டே இருந்தேன்.

சீ. அவளையல்லவா பித்தலாட்டக்காரி ஆக்கிவிட்டேன். நீயெல்லாம் ஒரு வாத்தியாராடா?

பால்குன் 22
எழுத ஒன்றுமில்லை.

சைத்ர 2
மறுபடி கூட்டம். எழுந்து நின்றேன். "எடுத்தது நான். மறைச்சதும் நான்." கல்லை அளந்த அன்றைய குறிப்பேட்டையும் மேசைமேல் வைத்தேன்.

"இத்தன வருஷமா வாயில என்ன, சந்தேஷ் மிட்டாயா வச்சிருந்தீங்க?" என்றான் ஷுபேந்து. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

மேனகா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்: "என் மாமியா அந்தப் பேரச் சொல்லிச் சொல்லியே பொய்க்காரின்னு பட்டம் வாங்கிட்டுப் போய்ச் சேந்துச்சு."

மன்னிப்பாவது கேட்டேனா? நினைவில்லை. கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சைத்ர கடைசி நாள்
காஜன் திருவிழா. முதல் குடத்தை மேனகா ஊற்றினாள். ராய் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. நான் கூட்டத்தின் பின்னாலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

வைஷாக் 5
என் நூலில் மிச்சமிருந்த பிரதிகளில் பதினொன்றாம் பக்கத்து வரியை அடித்து, தயாமயியின் பெயரைக் கையால் எழுதிக்கொண்டிருந்தேன். மேனகா வந்தாள். தெருப் பிள்ளைகளுக்கு ஒரு நூல் வேண்டுமாம். திருத்தியதில் நல்லதாக ஒன்றைப் பார்த்து நீட்டினேன்.

வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது வேணாம், மாஸ்டர் மொஷாய். திருத்தாதது இருந்தா குடுங்க. என்ன எழுதியிருந்தீங்கன்னு புள்ளைங்க பாக்கட்டும்."

ஒன்று இருந்தது. கொடுத்தேன்.